எந்தப் பூட்டு

அகதா முதலில் பார்த்தது கால்களைத்தான். பத்தாங் பெர்ஜுந்தை போலீஸ் நிலையத்தின் முன்னால், கொடிக்கம்பத்துக்கு அருகில், மூன்று பேரைப் புல்லில் கிடத்தியிருந்தார்கள். மேலே தார்ப்பாய். முகம் தெரிய வேண்டும் என்பதற்காக அதைக் கழுத்தோடு நிறுத்தியிருந்தார்கள். நீளம் போதாமல் கால்களும் வெளியே கிடந்தன. ஓரத்தில் இருந்த இருவருக்கும் வெறுங்கால். நடுவில் கிடந்தவன் பூட்ஸ் போட்டிருந்தான். கறுப்புத் தோல், முனை தேய்ந்தது. கணுக்கால் மெலிந்து, பூட்ஸின் வாயில் செருகிய விறகு போல நின்றது. இடது பூட்ஸில் கயிறு இருக்க வேண்டிய இடத்தில் சணல்.

அந்தச் சணலை அவள்தான் திரித்தாள். சாக்கிலிருந்து பிரித்து, மூன்று இழையாகப் பின்னி, அடுப்புக்கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தேய்த்து, பழைய கயிறு அறுந்துபோன ஓட்டைகளில் கோத்தாள். கோத்தபோது ஊசிக்குப் பதில் கோழி இறகின் தண்டைப் பயன்படுத்தியதுகூட நினைவிருந்தது. இனி முகத்தைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் நின்றாள். பின்னால் நின்ற காளியம்மா முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

"நகரு புள்ள. பொணம் பாக்க லோரி விட்டிருக்கானுங்க. படம் பாக்க விடுங்கடான்னா விட மாட்டானுங்க."

யாரோ சிரித்தார்கள். சார்ஜன் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவன் மலாய்க்காரன், ஒவ்வொருவரிடமும் ஒரே சொல்லைத்தான் கேட்டான். "கெனால்?" தெரியுமா என்று. தோட்டத்துச் சனங்கள் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

முகம் தம்பி பெர்னாட்டுடையது இல்லை. சீனன். நாற்பது வயது இருக்கலாம். வாய் திறந்திருந்தது, முன்பல் ஒன்று தங்கம்.

"தெரியாதுங்க" என்றாள் அகதா. அது பொய்யில்லை. நாலு எட்டு நகர்ந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. தம்பிக்கென்று கொடுத்தனுப்பியது இவன் காலில் எப்படி வந்தது? கழற்றிக் கொடுத்தானா, பிடுங்கிக்கொண்டார்களா, இல்லை இனி அவனுக்குத் தேவையில்லை என்று எடுத்துக்கொண்டார்களா? கேட்க ஆள் இல்லை. பதில் தெரிந்த ஒருவன் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தான்.

ஆண்கள் வந்த லோரி முன்னால் நின்றது. அவள் புருஷன் அமலதாஸ் ஏறுவதற்குக் காலைத் தூக்கியபோது நிலையத்தின் வாசலிலிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். சத்தம் போட்டுக்கூட இல்லை, சம்பளத்துக்குக் கூப்பிடுவது போலத்தான். அவன் காலைக் கீழே வைத்தான். அகதா இருந்த பக்கம் ஒரு முறை பார்த்தான். பிறகு மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு படியேறி உள்ளே போனான். லோரி கிளம்பிவிட்டது.

*

பெர்னாட் தொழிற்சங்கத்து ஆள். நாற்பத்தெட்டில் சங்கத்துக்காரர்களை வீடு வீடாகப் பிடித்தபோது அவன் ஆத்தங்கரைத் தோட்டத்தை விட்டுக் காணாமல் போனான். சிங்கப்பூரில் கப்பல்துறையில் வேலை என்று அகதா சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்களும் அப்படியா என்று கேட்டுக்கொண்டார்கள். மூன்று வருடமாக அந்தச் சிங்கப்பூர் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தோட்டத்தின் கடைசி நிரைக்குப் பின்னால், லாலான் புல்லுக்கு அப்பால், மரங்கள் கறுக்கிற இடத்தில், துப்பாக்கி தூக்கிய காட்டுக்காரர்கள் ஒளிந்திருந்த பக்கம் இருந்தது. ஒரு நாள் அவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருக்கையில் புல்லுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஆள் தெரியவில்லை. "ஒன் தம்பிக்குக் காலு அழுகுது. பூட்டு இல்லாட்டி நடக்க முடியாது" என்றது. அவ்வளவுதான்.

தோட்டத்துப் பேச்சில் பூட்ஸ் என்பது பூட்டுதான். பட்டாளம் வந்தால் "பூட்டு வந்திருச்சு" என்பார்கள். அழுகிற பிள்ளையிடம் "பூட்டுச் சத்தம் கேக்குது, வாய மூடு" என்பார்கள். மிதப்பாக நடக்கிறவனைப் பார்த்து "பூட்டு போட்டவனாட்டம் போறான் பாரு" என்பார்கள். கதவுக்குப் போடுகிறதும் பூட்டுதான். ஆனால் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் ஒருவருக்கும் இரும்பு நினைவுக்கு வராது. கதவுக்கு நாதாங்கி இருந்தது. வேலைக்குப் போகும்போது அதில் ஒரு குச்சியைச் செருகிவிட்டுப் போவார்கள், நாய் நுழையாமல் இருக்க. பூட்டி வைக்கும்படி உள்ளே ஒன்றும் இல்லை. லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்ட பிறகு, காட்டுக்கு எதுவும் போய்விடாமல் வாசலில் ஆள் நின்று அரிசிச் சோற்றைக்கூடக் கிளறிப் பார்த்து அனுப்ப ஆரம்பித்த பிறகு, எல்லோருமே பூட்டுக்குள்தான் இருக்கிறோம் என்று காளியம்மா சொல்வாள். அதற்கு இரண்டு அர்த்தமும் பொருந்தியது.

அமலதாஸ் வேண்டாம் என்றுதான் சொன்னான். ஒரு வாரம் அவள் சாப்பிடாமல் கிடந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டவுனுக்குப் போனவன் பாவா கடையில் சொல்லி வைத்துவிட்டு வந்தான். பாவா எல்லாம் விற்பார். பட்டாளத்துக்காரன் விற்றுவிட்டுப் போன பழசும் அவரிடம் வரும். அடுத்த மாதம் அது வீட்டுக்கு வந்தது. எப்படி வெளியே கொண்டுபோவது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அவன் யோசிக்கவில்லை. விடிகாலையில் மாட்டிக்கொண்டு நடந்தான். முள்கம்பி வாசலில் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், மடியைத் தடவினார்கள், காலைப் பார்க்கவில்லை. மத்தியானம் வெறுங்காலோடு திரும்பி வந்தான். குதிகாலில் இரண்டு பக்கமும் தோல் உரிந்திருந்தது. அவள் மஞ்சள் அரைத்து வைத்தாள். இனிமேல் கேட்காதே என்று மட்டும் சொன்னான்.

*

மறுநாள் பிற்பகல் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். தோட்டத் துரையின் நாற்காலியில் போலீஸ் துரை உட்கார்ந்திருந்தார். வயது அதிகமில்லை, மூக்கு வெயிலில் உரிந்து சிவந்திருந்தது. பக்கத்தில் தோட்டக் கணக்கு எழுதும் கிராணி எர்னஸ்ட் நின்றார். ரவாங்கிலிருந்து வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் வாசகம் வாசிக்கிறவர். அங்கே அவளுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருவார். திரும்பிப் பார்த்ததில்லை.

துரை இங்கிலீசில் ஏதோ நீளமாகச் சொன்னார். எர்னஸ்ட் அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார்.

"பாவா கடையில உன் புருஷன் பூட்டு கேட்டத ஒரு ஆளு காதால கேட்டிருக்கான். பாவா ஊருக்குக் கப்பலேறிட்டாரு, அவரக் கேக்க முடியாது. உன் புருஷன ராத்திரி பூரா கேட்டிருக்காங்க. பூட்டு வாங்குனேன்னு ஒத்துக்கிட்டான்."

காட்டுக்காரனுக்குப் பூட்ஸ் கொடுத்ததாக ஒத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது கம்பிக்குள் இருந்த பிள்ளைகளுக்கும் தெரியும். தூக்கு. தயவு பண்ணினால் ஊருக்குக் கப்பல். அவனுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ஊர் என்று ஒன்று இல்லை, இங்கே செரண்டாவில் பிறந்தவன்.

"வேற என்ன சொன்னாரு?"

"வேற ஒன்னும் சொல்லல. எத்தனை அடிச்சாலும் அந்த ஒரே வார்த்தைதான். பூட்டு வாங்குனேன். அத சார்ஜன் அவனுக்குத் தெரிஞ்ச தமிழ்ல புரிஞ்சுக்கிட்டு இங்கிலீசுல எழுதியிருக்கான்."

இதைச் சொல்லிவிட்டு எர்னஸ்ட் நிறுத்தினார். மேசைமேல் இருந்த பென்சிலை நேராக வைத்தார்.

"நீ சொல்லு. எந்தப் பூட்டு?"

வெளியே ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டுகிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அமலதாஸ் ஒரு சொல்லோடு நின்றுகொண்டிருக்கிறான் என்பது அவளுக்கு மெல்லத் தெரிந்தது. மிச்சத்தை அவளுக்கென்று விட்டு வைத்திருக்கிறான். அவள் சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"கதவுக்குத்தான் ஐயா. நான்தான் வாங்கியாரச் சொன்னேன். நாங்க ரெண்டு பேரும் வேலைக்கிப் போயிருறோம், வீடு தொறந்து கெடக்கு."

எர்னஸ்ட் முதல் முறையாக அவளைப் பார்த்தார். இந்த லயத்தில் எத்தனை கதவில் பூட்டு தொங்குகிறது என்று அவருக்குத் தெரியும். திரும்பி, இங்கிலீசில் ஒரு வாக்கியம் சொன்னார். துரை புருவத்தைச் சுருக்கினார். எர்னஸ்ட் மேலும் சொன்னார். துரைக்குப் பிடிபடவில்லை. அப்போது எர்னஸ்ட் குனிந்து துரையின் காலைக் காட்டினார். "பூட்டு" என்றார். பிறகு அலமாரியில் தொங்கியதைக் காட்டினார். "பூட்டு."

துரை தன் காலைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "பூட்டு, பூட்டு" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் இரண்டும் ஒன்றாகவே வந்தன. சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே எழுந்து தொப்பியை எடுத்தார்.

"காட்டச் சொல்றாரு" என்றார் எர்னஸ்ட்.

எதை என்று அகதா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பூட்டத்தான். வீட்டுக்கு வந்து பாக்குறாராம்." அவர் குரல் இறங்கியது. "தோட்டத் துரை பங்களாவுல தேத்தண்ணிக்குக் கூப்பிட்டிருக்காரு. குடிச்சிட்டுத்தான் வருவாரு. நீ முன்ன போ."

*

அவள் ஓடவில்லை. ஓடினால் காவலில் நிற்கிற பையன்கள் பார்ப்பார்கள். புழுதிப் பாதையில், தலையைக் குனிந்துகொண்டு, கால் வலிக்கிற மாதிரி நடந்தாள். தோட்டத்துக் கடையில் பூட்டு இல்லை. டவுனுக்குப் போய் வர நேரமும் இல்லை, பாஸும் இல்லை. கம்பிக்குள் இருந்த நூற்றுச்சொச்சம் கதவுகளில் ஒன்றில்தான் பூட்டு தொங்கியது. அது சின்னத்தாய் வீடு. அகதாவின் வீட்டுக்கு நேர் எதிர் வரிசை.

சின்னத்தாய் கூலிகளிடம் வேலை வாங்கும் மண்டோர் சோமுவின் பெண்சாதி. போன வருடம் காட்டுக்காரர்கள் சோமுவை ஸ்டோருக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுட்டார்கள். போலீசுக்குத் தகவல் சொல்கிறான் என்றார்கள். சொன்னானோ இல்லையோ, தெரியாது. துரை போட்டுக் கழித்த பூட்ஸ் ஒன்றை அவன் வைத்திருந்தான். லயத்திலேயே பூட்ஸ் போட்டு நடந்த ஒரே தமிழன். சுட்டவர்கள் அதைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு சின்னத்தாய் பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கினாள். வெளியே போனால் வெளியே பூட்டினாள். உள்ளே இருந்தால் உள்பக்கமாகப் பூட்டினாள். சனங்கள் முதலில் கேலி பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

சின்னத்தாய் வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பூட்டு திறந்தபடி நாதாங்கியில் தொங்கியது.

"அக்கா."

சின்னத்தாய் முறத்திலிருந்து தலையெடுக்கவில்லை.

"ஒங்க பூட்டு கொஞ்ச நேரம் வேணும். இந்த இரும்பு... இந்தப் பித்தளைப் பூட்டு."

"எதுக்கு?"

"போலீஸ் துரை பாக்க வர்றாரு. எங்க வீட்டுக்காரரு பாவா கடையில வாங்குனது இதுதான்னு..."

"வாங்குனானா?"

முறத்தில் அரிசி ஒரு முறை எழும்பி விழுந்தது. சின்னத்தாய் ஒரு கல்லை எடுத்து விரலால் சுண்டினாள்.

"உன் புருசன் ஒரு நா பூட்டு மாட்டிக்கிட்டு வேலைக்கிப் போனான். பொங்கலுக்குப் பின்ன. நான் இதே எடத்துல வாசக் கூட்டிக்கிட்டு இருந்தேன். மத்தியானம் வெறுங்காலோட வந்தான்."

அகதா தரையைப் பார்த்தாள்.

"எம் புருசனும் பூட்டு போட்டுக்கிட்டுத்தான் போனாரு. வெறுங்காலோட தூக்கியாந்தாங்க." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "குளிப்பாட்டுறப்ப பாத்தேன். பூட்டுக்குள்ளயே இருந்த காலு, வெளுத்துப் போயிருந்துச்சு. அவரு காலு மாதிரியே இல்ல. ஒன் தம்பி எங்கடி?"

"தெரியாதுக்கா."

"சிங்கப்பூருன்னு சொல்லுவியே."

"தெரியாது. உசுரோட இருக்கானான்னே தெரியாது. நேத்து அங்க கெடந்தவன் போட்டிருந்தது அவனோடதுதான். நான்தான் சணலு கோத்தேன்." சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. பொத்தி ஆகப்போவது ஒன்றும் இல்லை. "எங்க வீட்டுக்காரரு மேல ஒரு தப்பும் இல்லக்கா. நான் பட்டினி கெடந்துதான் அனுப்புனேன்."

சின்னத்தாய் முறத்தைக் கீழே வைத்தாள். நெடுநேரம் அகதாவின் முகத்தையே பார்த்தாள். எழுந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு, நாதாங்கியிலிருந்து பூட்டை எடுத்தாள். அகதாவின் கையில் கொடுக்கவில்லை. தானே வாசலைக் கடந்து எதிர் வீட்டுக்குப் போனாள். நாதாங்கியில் இருந்த குச்சியை உருவிக் கீழே போட்டாள். கதவை இழுத்து மூடிப் பூட்டை மாட்டி அழுத்தினாள். நாக்கு விழுகிற சத்தம் கேட்டது. சாவியை உருவினாள். முந்தானை நுனியில் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டாள்.

அகதா கையை நீட்டினாள். "சாவி, அக்கா."

"எங்கிட்ட இருக்கட்டும்."

"கேட்டா?"

"பாக்கத்தான வர்றான். பாத்துட்டுப் போகட்டும்."

அவள் திரும்பிப் போய் முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் வீட்டுக் கதவு பின்னால் திறந்து கிடந்தது.

*

தூறல் போட்டு விட்டிருந்த நேரத்தில் அவர்கள் வந்தார்கள். முன்னால் துரை, பின்னால் துப்பாக்கியோடு இரண்டு பேர், கடைசியில் எர்னஸ்ட். அவர் வெள்ளைக் கித்தான் சப்பாத்து சேறாகாமல் இருக்கப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். மற்றவர்கள் பார்க்கவில்லை. ஈர மண்ணில் பூட்ஸ்கள் இறங்கி ஏறுகிற ஓசை லயத்தின் ஒரு கோடியில் கேட்டதுமே பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள். காளியம்மா மட்டும் வாசலில் நின்றாள். "பாத்து வா லா, வழுக்கும்" என்று நாயிடம் சொன்னாள்.

துரை கதவைப் பார்த்தார். குனிந்து பூட்டைக் கையில் எடுத்து ஒரு இழு இழுத்தார். அது பிடித்துக்கொண்டது. மறுபடியும் சிரித்தார். "பூட்டு" என்றார், இந்த முறை கொஞ்சம் சரியாக. எர்னஸ்ட் பெருமூச்சு விட்டது அகதாவுக்குக் கேட்டது. அமலதாஸ் நாளைக்கு வந்துவிடுவான். அல்லது நாளை மறுநாள். வந்தால் என்ன ஆக்குவது என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. கருவாடு இருந்தது.

துரை போகத் திரும்பினார். திரும்பியவர் நின்றார். பூட்டின் மேல்பக்கம் பித்தளை பல நாள் கைபட்டுத் தேய்ந்து பளபளவென்று இருந்தது; அதைக் கட்டைவிரலால் தடவினார். எர்னஸ்டிடம் ஏதோ கேட்டார். சிரிப்பு முகத்தில் இன்னும் இருந்தது.

எர்னஸ்ட் அகதாவின் பக்கம் திரும்பினார்.

"சாவியக் கேக்குறாரு. தொறந்து காட்டணுமாம்."

அகதா இடுப்பில் கை வைத்தாள். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் தேடினாள். துப்பாக்கிக்காரர்களில் ஒருவன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றான். எர்னஸ்ட் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அகதா எதிர் வரிசையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். பூட்டு இல்லாமல் திறந்து கிடந்த அந்தக் கதவை துரையும் பார்ப்பார் என்று நினைத்தாள்.

சின்னத்தாய் முறத்தை இறக்கி வைத்தாள். மடியில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள். பிறகு எழுந்து வாசலில் இறங்கினாள். நடுவில் பூட்ஸ் தடங்களில் தண்ணீர் ஊறி நின்றது. அவள் அவற்றில் கால் படாமல், ஒவ்வொன்றாகச் சுற்றி, முந்தானை நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி வந்தாள். துரைக்கு முன்னால் வந்து நின்றாள். முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் பூட்ஸைத்தான் பார்த்தாள். முனையிலிருந்து கயிறு வரை, கயிற்றிலிருந்து குதிகால் வரை. சாவி இருந்த முடிச்சு தூறலில் நனைந்து இறுகியிருந்தது. அவள் விரல்கள் அவிழ்க்காமல் அதன் மேல் இருந்தன.